பிள்ளையார் சுழி போட்ட காகிதம்

இதை எழுத ஏழெட்டு வருடம் தயங்கினேன். காகிதத்தை எடுத்ததும் தலையில் பிள்ளையார் சுழி போடக் கை போகும். உடனே மூடி வைத்துவிடுவேன். அந்தச் சுழிதான் விஷயமே.

தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்பாலையில், வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். பத்தாவதுதான் படிப்பு. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவுக்குத் தானியங்கி மெஷின் வந்தது. அதுவரை நூல் அறுந்தால் பெண்கள்தான் விரலால் முடிச்சுப் போடுவார்கள். இது தானே கண்டுபிடித்துத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் அந்தப் பெண்கள்தான்.

மறுநாள் பெர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். "புது மெஷின்ல எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கப் போறோம். சம்மதக் கடிதம் வாங்கிடுங்க."

முதலில் சுழி போட்டேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'என் வேலை குறித்து நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' 'எந்த முடிவுக்கும்' என்ற இடத்தில் பேனா நின்றது. பயிற்சிக்கு இது எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிரிவில் மூத்தவர் புருஷனை இழந்தவர். மூன்று பெண் பிள்ளைகளுக்கும் அவர் சம்பளம்தான் சோறு. காகிதத்தை முதலில் அவரிடம்தான் நீட்டினேன்.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்கு?"

"புது மெஷின் பழக்கித் தாராவளாம். போடும்மா."

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "ஏக்கா, நீதான் அதுக்கு வாயடிக்கப் பழக்கணும்!"

"சும்மா கெடட்டி. அண்ணாச்சி சுழி போட்டுல்லா நீட்டுதாவ. பெறகென்ன?"

அவர் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். காட்டியது அந்தக் காகிதத்தைத்தான். மேனேஜரிடம் ஓடினேன். "பயிற்சின்னு சொன்னீங்களே சார்!"

"எழுதினது நீங்கதானே? என்ன எழுதுறோம்னு தெரியாதா?" சிரித்தார். அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

நிறுத்திய அன்று கேட் அருகே, முதலில் கையெழுத்துப் போட்ட அந்த அம்மா நின்றிருந்தார். "நாளையிலருந்து பீடிதான் சுத்தணும், அண்ணாச்சி. அந்த மேனேசரு நீட்டியிருந்தா நாலு பேருட்ட காட்டி வாசிச்சிருப்பேன். சாமியப் போட்டுல்லா ஏமாத்திட்டிய."

நெல்லையப்பர் சந்நிதியில் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். அந்த மேனேஜர் மேலும் என் மேலும் உள்ள ஆத்திரம் தணியவே இல்லை. தணிய வேண்டாம்.

இந்தக் காகிதத்தில் சுழி போடவில்லை. வாசித்துப் பார்த்து நம்புங்கள். வேறு யாரிடம் சொன்னாலும், 'பாவம், அவருக்கும் தெரியாது' என்று சேர்த்துவிடாதீர்கள். பேனா நின்றது. அதையும் உள்ளபடியே சொல்லுங்கள்.