அறுப்பு முடியட்டும், வக்கீலம்மா

வக்கீல் தொழிலில் கோர்ட்டில் பேசுவதைவிடக் கல்யாணப் பந்தியில் பேசுவதுதான் அதிகம். மன்னார்குடியில் எந்த மண்டபத்துக்குப் போனாலும், சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுவார். டாக்டர்களுக்கும் ஜோசியர்களுக்கும் இந்தக் கஷ்டம் புரியும். சொத்துச் சந்தேகத்தில் சின்னது என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

கார்டுல பேரு இருக்கு

கலியமூர்த்தி அப்படிப் பந்தியில் பழக்கமானவர்தான். மறுவாரம் மனைவி செண்பகத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. செண்பகத்தின் தங்கை பிரசவத்தில் இறந்துபோக, அந்தக் குழந்தை இலக்கியாவைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். இப்போது நர்சிங் படிக்கிறாள். முறைப்படி தத்து எடுக்கவில்லை. "ரேஷன் கார்டுல மகள்னுதான் இருக்கு. ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுல என் பேருதான். அப்புறம் என்னங்க?" என்றார் கலியமூர்த்தி.

கார்டு அரிசி தரும், நிலம் தராது என்றேன். நிலமும் வீடும் அவர் சம்பாதித்து வாங்கியவை. உயில் எழுதாமல் அவர் போனால் செண்பகத்துக்கு வரும். செண்பகமும் எழுதாமல் போனால் கலியமூர்த்தியின் தம்பிக்குப் போகும். இலக்கியாவுக்கு ஒரு வரப்புகூட வராது. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சியும் இருந்தால் உயில் எழுதிவிடலாம், ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுதிடுவோம் வக்கீலம்மா. நடவு முடியட்டும்."

ஆம்புலன்சில் வந்த கவலை

நடவு முடிந்தது, களை எடுத்துவிடட்டும் என்றார். களை எடுத்தாயிற்று, அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்தது, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடட்டும் என்றார். உயில் எழுதுவது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்று உள்ளூர ஒரு பயம். அதை வெளியில் சொல்ல வெட்கம். டெல்டாவில் குறுவை போனால் சம்பா, சம்பா போனால் உளுந்து. சாக்குக்கு என்ன பஞ்சம்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் செண்பகம் மட்டும் வந்தார். கலியமூர்த்தியை நெஞ்சுவலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். உயிலைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கையில, மோட்டார அணைச்சியான்னுதாம்மா கேட்டாரு."

பெஞ்சில் கிடைத்த ஆலோசனை

உடம்பு தேறியதும் செண்பகம் அவரைக் கையோடு இழுத்துவந்தார். அன்று நாகப்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாயும் வந்திருந்தார். மகன்கள் துபாயில், அவரைப் பார்த்துக்கொள்வது மகள். வீட்டை அந்த மகளுக்கே உயில் எழுத வேண்டும் என்பது பாயின் ஆசை. உங்கள் சட்டப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, வாரிசான மகளுக்கு எழுதினால் அதற்கும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், கொடுப்பதானால் இப்போதே ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்துக் கையில் ஒப்படைத்துவிடுங்கள் என்றேன்.

யோசித்துக்கொண்டே போய் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கலியமூர்த்தி. இரண்டு பேரும் அவரவர் கதையைப் பேசிக்கொண்டார்கள். நான் மாதக்கணக்கில் சொல்லி நடக்காததைப் பாய் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

"எனக்கு எழுதணும்னு ஆச, சட்டம் விடல. உங்கள சட்டம் விடுது, நீங்க எழுத மாட்டேங்கிறீங்க. என்னங்க இது?"

மூத்த சாட்சிகள்

எழுதுவதென்று முடிவானதும் கலியமூர்த்தி மரியாதையாக ஊர்ப் பெரியவர்கள் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். நல்ல காரியத்துக்குப் பெரியவர்களை முன்வைப்பதுதானே நம் வழக்கம். இருவரும் அவரைவிட மூத்தவர்கள். ஒருவரைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். உயிலுக்குச் சாட்சி என்றால், எழுதியவர் காலத்துக்குப் பிறகு பிரச்சினை வந்தால் கோர்ட்டுக்கு வந்து "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும், அதனால் வயதில் சின்னவர்களாக இருப்பது நல்லது என்று பக்குவமாகச் சொன்னேன். கைத்தாங்கலாக வந்தவர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க சாட்சி சொல்லணும்னா இவன் முந்திப் போவணும். நல்லா இருக்கும்மா உங்க சட்டம்."

மோட்டார் கொட்டகை

மறுநாள் கலியமூர்த்தி கூட்டிவந்தது தம்பி குணசேகரனை. இந்த உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போகுமோ, அவரேதான் சாட்சி. இன்னொரு சாட்சி என் குமாஸ்தா. சாட்சிக்கு உயிலைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும் என்றேன். "இல்ல, சத்தமாப் படிங்க. அவனும் கேக்கட்டும்" என்றார் கலியமூர்த்தி.

படித்தேன். நிலமும் வீடும் செண்பகத்தின் ஆயுள்வரை அவருக்கு, அதற்குப் பிறகு இலக்கியாவுக்கு. குணசேகரன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். செண்பகம் தாலிச்சரட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் குணசேகரன். படித்தேன். சண்டை வரப்போகிறது என்றே நினைத்தேன்.

"அண்ணன் மோட்டார் கொட்டாய விட்டுட்டாரு. அது ரெண்டு பேரு வரப்புலயும் நிக்கிது. அதையும் எழுதுங்க, இல்லன்னா நாளைக்கு என் பசங்களே அந்தப் பொண்ணுக்குத் தண்ணி விட மாட்டானுங்க."

கொட்டகையையும் சேர்த்துப் புதிதாக டைப் செய்தோம். கலியமூர்த்தி கையெழுத்துப் போட்டார், தம்பி பார்த்துக்கொண்டிருந்து தானும் போட்டார். பேனாவை வாங்கிக்கொண்டே, உங்களுக்கு இரண்டு பையன்கள், நீங்களும் ஒன்று எழுதி வைத்துவிடலாமே என்று குணசேகரனிடம் சொன்னேன்.

"எழுதிடுவோம் வக்கீலம்மா. அறுப்பு முடியட்டும்."

ஆக, அண்ணனிடமிருந்து தம்பிக்கு உயிலே இல்லாமல் வந்து சேர்ந்த சொத்து அந்த ஒரு வாக்கியம்தான்.