துரு என்று சொல்லாதவள்

என் அண்ணியை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெட்டவள் என்று சொன்னால் இன்னும் அதிகமாக வரும். நல்லவள் என்கிறவர்கள் அவளோடு ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கெட்டவள் என்று சொல்லித் திரிகிறவள் என்னைப் பெற்றவள்.

சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் அண்ணி பேரிங் சோதிக்கிறாள். அச்சில் உரசாமல் சக்கரம் சுழல, இரண்டுக்கும் நடுவே ஒரு வளையமும் அதற்குள் வரிசையாக உருளைகளும் இருக்குமே, அதுதான் பேரிங். விமானம் தரையைத் தொடும்போது சும்மா தொங்கிக்கொண்டு வந்த சக்கரம் ஒரேயடியாகச் சுழலத் தொடங்கும். அந்த அடி முழுவதையும் வாங்குவது பேரிங்தான். அது பிடித்துக்கொண்டால் சக்கரம் நிற்கும், விமானம் நிற்காது. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட அவளுடைய அறையில் வெள்ளை மேஜை, கழுத்து வளையும் விளக்கு, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, நுனி மழுங்கிய ஊசி ஒன்று, அவ்வளவுதான். உருளை நீலம் பாய்ந்திருந்தால், கிரீஸ் வற்றிச் சூடேறியிருக்கிறது. செதில் செதிலாக உரிந்திருந்தால், உழைத்துத் தேய்ந்துவிட்டது. சம இடைவெளியில் பள்ளம் விழுந்திருந்தால், எவனோ சுத்தியலால் அடித்து மாட்டியிருக்கிறான். ‘எவனோ’ என்று அண்ணி சொல்ல மாட்டாள். ஆளையே சொல்வாள். அதனால் மதிய உணவு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

வெளியிலும் அப்படித்தான். காய்கறிக் கடையில் ஒவ்வொரு தக்காளியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “அம்மா, இது தக்காளி. இதுல ஏறி யாரும் பறக்கப் போறதில்ல” என்று கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். அவள் அசையவில்லை. இரண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாங்கி வந்தாள்.

நான் அதே பட்டறையில் பேரிங் கழுவுகிறவள். சேர்த்துவிட்டது அண்ணிதான். சேர்த்துவிட்ட வாரமே எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்ததும் அவள்தான். கழுவிய பேரிங்கைக் காற்றுக்குழாயால் ஊதும்போது சுற்றவிட்டால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். கழுவுகிற எவரும் ஒருமுறையாவது அதைச் செய்து பார்த்திருப்பார்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் சுற்றினால் உருளை கீறிப்போகும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. “பாட்டு கேக்கணும்னா ரேடியோ வாங்கிக்கோ” என்றாள் அண்ணி. பட்டறையே சிரித்தது.

போதாததற்கு என் கை. சிலருடைய வேர்வை இரும்புக்கு ஆகாது. வெறும் கையால் தொட்டால் விரல் பட்ட இடத்தில் அப்படியே துரு எழுந்துவிடும். பட்டறை வாங்கிப் போட்ட மட்டமான கையுறை ஒருமுறை கிழிந்து, ஒரு நல்ல பேரிங் என் கட்டைவிரல் ரேகையோடு குப்பைக்குப் போனது. மட்டமான கையுறை வாங்கியவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ‘துரு’ என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு முறை துரு என்று பேச்சு வந்தால் வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவுகிறேன்.

என் அண்ணன், அவள் புருஷன், அங்கே வெல்டர். வாயெல்லாம் சர்க்கரை. சூப்பர்வைசர் தும்மினால்கூட நூறாயுசு என்பான்.

பற்றவைக்கப் போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அதற்கென்று ஓர் இடுக்கி உண்டு. பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, விமானத்தின் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு அதை மாட்ட வேண்டும். சுரண்டுவதற்குக் கை வலிக்கும் அல்லவா, அந்த மகராசனுக்கு? சக்கரத்தோடு இருந்த பிரேக் டிஸ்க் பளபளவென்று கண்ணில் பட்டது. அதிலேயே மாட்டிவிட்டான். மின்சாரம் சக்கரத்துக்குள் புகுந்து, பேரிங் வழியாகப் பாய்ந்து போனது. போன இடமெல்லாம் உருளைகளைப் பொட்டுப் பொட்டாக உருக்கிவிட்டது. அடுத்த சோதனைக்கு அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள். நான் கழுவிக் கொடுத்தேன். அண்ணி பார்த்தாள், கழித்தாள்.

கழித்த பாகத்தை எங்கள் பட்டறையில் வெள்ளைத் தட்டில் வைத்து, மறுநாள் காலையில் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைப்பார்கள். அதில் கை வைத்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும். காரணம் என்ன என்பதைச் சோதித்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்ற வேலை.

தட்டு தயாராகிவிட்டது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணியிடம் ஆரம்பித்தான்.

“துருன்னு சொல்லிடு. அதுவும் குழிதான், இதுவும் குழிதான். எவனுக்கு வித்தியாசம் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுது.”

“எப்படியும் அது குப்பைக்குத்தானே போகுது? என்ன பேர் சொன்னா என்ன?”

“துருன்னு சொன்னா என் வேலை போயிடும். அதுவாவது ஞாபகம் இருக்கா?” என்றேன்.

அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை. அம்மாதான் பதில் சொன்னாள். “உனக்கென்னடி, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. அவன் ஆம்பளப் பிள்ளை. அவன் வேலை போச்சுன்னா வெளிய எப்படித் தலைகாட்டுவான்?”

“நான் கையுறை போட்டுத்தாம்மா கழுவினேன். அது துருவே இல்ல!”

“உன் கை லட்சணம் எல்லாருக்கும் தெரியும். சொன்னா நம்பிடுவாங்க.”

நம்பிவிடுவார்கள். என் வயிறு எரிந்தது அதற்குத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பெற்றவளே அந்தப் பழியைப் பொட்டலம் கட்டி என் தட்டில் பரிமாறுகிறாள், அதுவும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ என்கிற குரலில்.

அண்ணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “எத்தனை வண்டிக்கு இப்படி மாட்டினீங்க?” பட்டறையில் விமானத்தை வண்டி என்றுதான் சொல்வோம்.

“இதுக்கு மட்டும்தான்” என்றான். சொல்லிவிட்டு, நிறைந்திருந்த தம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினான்.

அதற்கப்புறம் அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அவள்மேலும் ஆத்திரம் பொங்கியது. புருஷனா நாத்தனாரா என்று வந்தால் எந்தப் பெண்டாட்டி நாத்தனாரைப் பார்ப்பாள்? என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டேன்.

காலையில் தட்டைச் சுற்றி நின்றோம். சூப்பர்வைசர் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, மறுபடியும் துருவா?”

“துரு மாதிரிதான் சார் தெரியுது” என்றான் அண்ணன். கூடப் பிறந்தவன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அண்ணி பேரிங்கை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். “துரு இல்ல. துருன்னா ஓரமெல்லாம் அரிச்சுப் போயிருக்கும், அடியில கறுப்பு பிடிச்சிருக்கும். இந்தக் குழி வட்டமா இருக்கு. சுத்திலும் இரும்பு உருகிக் கரை கட்டி நிக்குது. ஊசிய வச்சுப் பாருங்க, தட்டும். இதுக்குள்ள மின்சாரம் போயிருக்கு.”

சூப்பர்வைசர் ஊசியை வாங்கி வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“நான் சட்டத்துலதான் சார் மாட்டினேன்” என்றான் அவன்.

“சுரண்டின இடத்தைக் காட்டுங்க” என்றாள் அண்ணி.

விமானம் எங்களுக்குப் பின்னால்தான் நின்றது. அவன் குனிந்தான், நிமிர்ந்தான், ஒரு சுற்று சுற்றியும் வந்தான். சுரண்டாத இடத்தை எங்கே போய்க் காட்டுவான்? பற்றவைத்த இடத்தைத் தவிர சட்டம் முழுவதும் பெயின்ட் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவன்மேல் இரக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

“இவர் பத்த வச்ச மத்த வண்டிகளையும் நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் அண்ணி. “ஒண்ணு இப்போ கிளம்பப் போகுது.”

அந்த விமானத்தில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். போன் போட்டு இறக்கச் சொன்னார்கள். தாமதம் ஆகிறதே என்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அந்தச் சக்கரத்துப் பேரிங்கையும் நான்தான் கழுவினேன். அதே குழிகள். இரண்டு உருளைகளில் குழிகளைச் சுற்றிச் செதில் பெயர ஆரம்பித்திருந்தது. இதுக்கு மட்டும்தான் என்றானே, அந்த வாயை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே கழுவினேன். மாலைக்குள் அவனை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள்.

வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட வந்து நிக்கிற?”

அண்ணி அவளைத் தாண்டி உள்ளே போனாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீயாவது போய்ச் சொல்லுடி. நான்தான் வெறுங்கையால தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவங்களே திருப்பிக் கூப்பிட்டுக்குவாங்க.”

இரண்டாவது பேரிங்கும் சிக்கிய பிறகு! அவனாவது வேண்டாம் என்பான் என்று அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போவேனா என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆளுங்க செத்திருப்பாங்க!” என்று கத்தினேன்.

“அதான் யாரும் சாகலையே” என்றாள் அம்மா.

இனி அண்ணிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அவள் காதில் விழும்படி அம்மா சொன்னாள். அண்ணி ஏற்கெனவே பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இருபக்கமும் பிடி வைத்த கனமான தகரப் பெட்டி. ஒரு பிடியை அவள் பிடித்தாள். மறுபிடியை நான் பிடித்தேன். அம்மா பின்னாலிருந்து என்னவோ கத்தினாள். தெருமுனை வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

“அண்ணி, எனக்காக நீங்க இவ்வளவு…”

அவள் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். “உனக்காகவா? துருவா இருந்திருந்தா துருன்னுதான் சொல்லியிருப்பேன். உன்னை வெளிய அனுப்பியிருப்பாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றி சொல்ல வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். திரும்பிப் போனால் என்ன இருக்கிறது? நான் செய்யாததை என் தலையில் கட்ட அங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இவளுக்கு என்மேல் பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் செய்யாததைச் செய்தாய் என்று இவள் சொல்ல மாட்டாள். எனக்கு அப்படிச் சொல்லாத ஓர் ஆள் போதும்.

“தூக்குங்க அண்ணி” என்றேன். “உங்க மேல கோபமாத்தான் இருக்கேன். ஆனா கூட வர்றேன்.”