அக்காவின் பாட்டும் என் சதமும்

நஞ்சன்கூட்டிலிருந்து அக்கா வந்திறங்கியபோது அவள் கைப்பையில் ஒரு கேசட் இருந்தது. கல்லூரிப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கிய பாட்டு. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எப்போதோ தொலைந்துவிட்டதால், மிச்சமிருந்த ஒரே சாட்சி அதுதான். "அம்மா பாடினாங்களா? எந்த ஊர்ல?" என்று கேலி செய்யும் மகளையும் இழுத்து வந்திருந்தாள்.

"அந்த டூ-இன்-ஒன் இன்னும் வெச்சிருக்கேல்ல?"

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்தப் பெட்டியை வைத்திருந்தேன். அது ஓடாது என்ற நம்பிக்கையில். ஏனென்றால் அந்தப் பாட்டை அழித்தவன் நான்.

பதினான்கு வயதில் எனக்குக் கிரிக்கெட் வர்ணனையாளனாகும் உத்தேசம் இருந்தது, கேசட்தான் இல்லை. அக்கா விவரமானவள். தன் பாட்டின்மேல் வேறெதையும் யாரும் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் விளிம்பிலிருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தாள். பல் போனால் ரெக்கார்ட் பொத்தான் இறங்காது. அந்தப் பள்ளத்தை எதையாவது ஒட்டி மூடினால் இறங்கும். என் முழங்காலிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து ஒட்டினேன். கேசட்டை முழுவதும் பின்னால் சுற்றவும் பொறுமையில்லை. அரைமணி நேரம் நானே பந்து வீசி, நானே அடித்து, நானே வியந்தேன். அதன்பின் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. பிளாஸ்திரியை எடுக்கவும் மறந்துவிட்டேன். அத்தனை துப்பறியும் நாவல்கள் படித்தும் பிரயோஜனமில்லை.

எங்கள் ஊர் மண்டி மொஹல்லா ரிப்பேர்க்காரர் கைவிரித்துவிடுவார் என்ற ஆசையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பத்தே நிமிடத்தில் பெல்ட் மாற்றி, "இன்னும் இருபது வருஷம் ஓடும் சார்" என்றார். திறமைசாலிகள்மேல் எனக்கு அன்றைக்கு வந்ததுபோல வெறுப்பு எப்போதும் வந்ததில்லை.

வீட்டில் அக்கா கேசட்டைப் போடுவதற்காகத் திருப்பினாள், அப்படியே நின்றாள்.

"இது என்னடா?"

"எது?"

"முடி வேற ஒட்டிட்டிருக்கு."

நான் பதில் சொல்வதற்குள் அக்காவின் மகள், என் மருமகள், பொத்தானை அமுக்கிவிட்டாள். இரண்டு வரி அக்கா பாடினாள். 'டக்.' பிறகு உடைந்துகொண்டிருந்த ஒரு குரல்: "வணக்கம் நேயர்களே! எண்பத்தேழு ஓட்டங்களுடன் நம் வீரர்..."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கேசட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமினேன்.

"மாமா, ஒரு நிமிஷம். பின்னாடி யாரோ பாட்றாங்க."

அந்தப் பெட்டியின் மைக்குக்குப் பாரபட்சமே கிடையாது. குக்கர் விசிலையும் பிடித்திருந்தது, காக்கையையும் பிடித்திருந்தது. கொல்லைப்புறத்திலிருந்து வந்த ஒரு குரலையும் பிடித்திருந்தது. அதே பாட்டு. போட்டி மேடையின் விறைப்பு இல்லாமல், துணி அடிக்கும் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு.

"யாரும்மா இது?"

"நான்தான். துணி தோய்ச்சிட்டிருக்கேன்."

"ஹவ்தா! நிஜமாவா?" மருமகள் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். உள்ளே நான் தொண்ணூற்றொன்பதை எட்டி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தேன். "அய்யோ, சும்னிரி மாமா, சும்மா இருங்க!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். பெட்டிக்குள்ளிருந்த பதினான்கு வயதுக்காரன் கடைசிவரை அடங்கவில்லை.

"முதல்லேர்ந்து போடு" என்றாள் அக்கா. "இவன் மூச்சு வாங்கற இடத்துலெல்லாம் நல்லா கேக்குது."

மூச்சு வாங்கியது மொத்தம் நான்கு இடங்களில்தான். அந்த நான்கையும் சாயங்காலம்வரை கேட்டார்கள். கிளம்பும்போது அக்கா பிளாஸ்திரியைப் பிய்த்து என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, கேசட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.