நாலாம் நாள், ஏழாம் பீரியட்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் தலைமையாசிரியை வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘டைம்டேபிள் சார்’தான். பதவி என்னவோ உதவித் தலைமையாசிரியர். ஆனால் நாற்பத்திரண்டு ஆசிரியர்களில் யார், எந்த நாள், எந்த மணிக்கு, எந்த வகுப்பில் நின்று கத்த வேண்டும் என்று பத்தொன்பது வருஷமாக அவர் ஒருவர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் கலர் கலராக அட்டைத் துண்டுகள். அறையைக் கூட்டுகிற அம்மாள் அந்தப் பலகைப் பக்கம் துடைப்பத்தோடு போனாலே மனிதருக்குப் படபடப்பு வந்துவிடும்.

யாராவது போய், “சார், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்களேன்” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “உங்களுக்கு ஒண்ணு மாத்தினா எட்டு பேருக்கு மாத்தணும், தெரியுமில்ல?” என்பார். ஓவிய ஆசிரியர் ஒருவர் அப்படிக் கேட்டதற்காக மூன்று வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் ஆறாம் வகுப்போடு அவதிப்பட்டார். பள்ளியிலிருந்து போகிற எந்தச் சுற்றறிக்கையானாலும் அடியில் சாரின் கையெழுத்தும் அதற்கு மேலே ஒரு வரியும் இருக்கும்: ‘இது எக்காரணம் கொண்டும் மாற்றப்படாது.’ தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அறிவிப்பில்கூட அந்த வரி உண்டு. தொட்டி என்ன கோர்ட்டுக்கா போகப்போகிறது?

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதை முன்னிட்டு வெளிநாட்டுக்கு நாலு நாள் போய்வரலாம் என்று ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, அறிவியல் டீச்சர் குடும்பத்தோடு போய் வந்து ஆசிரியர் அறையில் இரண்டு மாதம் அளந்துகொண்டிருந்தார், சாருக்குப் பொறுக்கவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தம் எடுக்கிற அறையில் காலை ஏழு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மூன்று மணி வரைக்கும் நின்றபடிதான். வரிசையாகக் கைகள் நீளும். கட்டு, தட்டு, குத்து, பஞ்சை வை, அடுத்த கை. வீட்டுக்கு வந்தால் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். அந்த அறையில் அவளுக்கு எதிரே ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர். தேதி கிழிந்து போய்ப் படம் மட்டும் மிச்சம்: ஒரு வெளிநாட்டு நகரம், நடுவே ஆறு, கரையில் ஒரு மர பெஞ்சு. பெஞ்சில் யாருமே இல்லை. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லி நோயாளிகளுக்கு அவள் அந்தப் படத்தைத்தான் காட்டுவாள். அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, ஆறு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஊருக்குப் போயி அந்த பெஞ்சுல உக்காரணும். யாரும் என் முன்னாடி கைய நீட்டக் கூடாது. அவ்வளவுதான்” என்றாள்.

“உக்காரதுக்கா அவ்வளவு தூரம்? நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?” என்று கேட்டார் சார். அதோடு விட்டாரா? ஊரை அப்படியெல்லாம் சும்மா தேர்ந்தெடுக்க முடியாதாம். மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டார். மலை ஊர், கோபுர ஊர், அவளுடைய ஆற்று ஊர். போக்குவரத்துக்கு நூறு, பார்க்க வேண்டியவற்றுக்கு நூறு, தட்பவெப்பத்துக்கு ஐம்பது என்று மதிப்பெண் போட்டார். கோபுர ஊர் முதல் ராங்க். ஆற்று ஊர் தட்பவெப்பத்தில் ஃபெயில்.

அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “அப்ப நீங்களும் கோபுரமுமா போயிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் ஆற்று ஊருக்கு எட்டு கருணை மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி கொடுத்தார். பிறகு அந்த ஊரில் பதினோரு அருங்காட்சியகம் இருப்பது தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சார்ட் முளைத்தது. நாலு நாள், நாளுக்கு எட்டு பீரியட், பீரியடுக்கு நாற்பது நிமிஷம். மூன்றாவதுக்குப் பிறகு சிறு இடைவேளை பத்து நிமிஷம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுவரை குறித்திருந்தார்.

அவள் விரலை வைத்துத் தேடினாள். கோட்டை, பாலம், மெழுகுப் பொம்மை, நாணயக் கண்காட்சி, பழைய சிறைச்சாலை. கடைசியில் நாலாம் நாள், ஏழாம் பீரியடில் அகப்பட்டது: ‘ஆற்றங்கரை, பெஞ்சு (20 நிமிடம்). மீதி 20 நிமிடம் டிராம் நிறுத்தத்துக்கு நடை.’

“இருபது நிமிஷமா?” என்றாள்.

“எவ்வளவு நேரம்தான் உக்காருவ?”

இந்த மனிதரிடம் எதைச் சொல்லி என்ன? இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை இவர் பீரியட் பிரித்துத் தின்றிருக்கிறார். அவளுக்கு வந்தது கோபமில்லை, அலுப்பு. இருபது நிமிஷமாவது கிடைக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இனிமேல்தான் விஷயமே. முதலில் சார் குறித்தது ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை. அந்த வெள்ளிக்கிழமைதான் பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். வேறு யாராவதாக இருந்தால் பயணத்தைத் தள்ளி வைப்பார்கள். இவர் பரீட்சையைத் தள்ளி வைத்தார்! ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் பரீட்சையை அலுங்காமல் எடுத்து அடுத்த புதன்கிழமையில் வைத்து, சுற்றறிக்கையும் அனுப்பிவிட்டார். அடியில் அந்த வரி இல்லாமலா?

ஒரு மாதம் கழித்து, அந்த ஊரின் பெரிய அருங்காட்சியகம் ஞாயிறும் திங்களும் பூட்டியிருக்கும் என்று கண்டுபிடித்தார். சாருக்கு உறக்கம் போய்விட்டது. பூட்டிய கட்டடத்தின் முன்னால் இரண்டு பீரியட் காலியாக நிற்பதா? அதை மட்டும் வெள்ளிக்கு நகர்த்தினால் எட்டு பீரியட் நகர வேண்டும். வீட்டு சார்ட்டை அழித்துப் பயணத்தை அடுத்த புதனிலிருந்து சனி வரைக்கும் மாற்றினார். விமான டிக்கெட் எடுக்கும்போது, “தேதி மாத்திக்கிற வசதியோட வேணுமா சார்?” என்று டிராவல்ஸ்காரர் கேட்டார். “நான் போடற தேதி மாறாதுங்க” என்று சொல்லி, மாற்றவே முடியாத டிக்கெட்டாகக் கேட்டு வாங்கினார்.

குறுகலான நடைபாதையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதைதான். பரீட்சையைப் பயணத்துக்காக ஒதுக்கினார். பயணத்தை அருங்காட்சியகத்துக்காக ஒதுக்கினார். இரண்டும் ஒரே புதன்கிழமையில் போய் நின்றன. ஒரு பலகை பள்ளிச் சுவரில், ஒரு சார்ட் வீட்டுக் கதவில். பள்ளிக்கூட வேலையை வீட்டுக்கும் வீட்டு வேலையைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகக் கூடாது என்பது சாரின் இன்னொரு கொள்கை. கொள்கையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் லீவு லெட்டர் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். சரியாகப் பத்தாவது நாள் காலையில் லெட்டரை நீட்டினார். தலைமையாசிரியை இரண்டு தரம் படித்தார்.

“சார், புதன்கிழமை பரீட்சை ஆரம்பமாச்சே?”

“இல்லைங்க மேடம், அது...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். “பரீட்சைய ஒரு அஞ்சு நாள் தள்ளி...”

தலைமையாசிரியை மேஜையிலிருந்த சுற்றறிக்கையை எடுத்து அடியில் விரலை வைத்தார். “நீங்கதானே எழுதியிருக்கீங்க? எக்காரணம் கொண்டும்னு.”

“கேள்வித்தாள் அலமாரிச் சாவிய மட்டும் வேற யார்கிட்டயாவது...”

“ஒரே கையிலதான் இருக்கணும்னு நீங்கதான் சார் ரூல் போட்டீங்க. போன வருஷம் எனக்கே கொடுக்க மாட்டேன்னீங்க.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. மதியத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கச் செய்தி பரவியது. ஓவிய ஆசிரியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி.

சார் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். “டிக்கெட் போனா போகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சார்ட் ரெடியாத்தானே இருக்கு” என்று முடித்தார்.

அவள் காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க டிக்கெட்டுதானே போச்சு? என்னோடது இருக்கில்ல?”

“நீ தனியாவா? உனக்கு டிராம் ஏறத் தெரியுமா?”

“தினம் நூறு பேரு நரம்பத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். ஒரு டிராமக் கண்டுபிடிக்க மாட்டேனா?”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பயமுறுத்திப் பார்த்தார். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தும் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் தன்னால் முடிந்ததைச் செய்தார்: சார்ட்டைச் சிறிதாக்கி, இருபக்கமும் அச்சடித்து, தடிமனான பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்து அவள் கைப்பையில் வைத்தார். “இதப் பாத்து அப்படியே போனா போதும். ஒரு நிமிஷம் வீணாகாது” என்றார். கைப்பையின் ஜிப்பைத் தானே இழுத்து மூடினார். அவளுக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சார் இரண்டு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்தார். வலது கையில் இந்த ஊர் நேரம், அதைப் பார்த்துத்தான் மணி அடிக்கச் சொல்வார்; இடது கையில் அந்த ஊர் நேரம். வராந்தாவில் நடப்பார், இடது கையைப் பார்ப்பார். ‘இப்போ கோட்டை.’ நடப்பார், மறுபடி பார்ப்பார். ‘இப்போ பாலம்.’ பிள்ளைகள் விடை எழுதிக்கொண்டிருக்க, இவர் மனசுக்குள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். போன் செய்தால், “நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். வியாழனும் அப்படியே போனது. வெள்ளிக்கிழமை, மூன்றாம் நாள், நாலாம் பீரியட், பெரிய அருங்காட்சியகம். எந்தக் கட்டடத்துக்காக இத்தனை கூத்தும் நடந்ததோ, அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தாங்கவில்லை. பரீட்சை நேரத்தில் செல்போன் கூடாது என்று வாசலில் கூடை வைத்து எல்லோரிடமும் போனைப் பிடுங்கிய மனிதர், கேள்வித்தாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கால் போட்டார்.

திரையில் முதலில் ஆறு வந்தது. பிறகு அவள் முகம். வெயில் பட்டு, கண் சுருங்கி, பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தாள்.

“எங்க இருக்க? இப்ப மியூசியத்துல இல்ல நீ இருக்கணும்?”

“பெஞ்சுல இருக்கேன்.”

“அது நாளைக்கு ஏழாவது பீரியட்!”

“நேத்தும் இங்கதான் இருந்தேன். முந்தாநேத்தும்.”

“அப்ப கோட்டை? நாணயக் கண்காட்சி?”

“இருக்கும், எங்க போயிடப்போகுது.”

“நான் கொடுத்த டைம்டேபிள் எங்க? தொலைச்சிட்டியா?”

“ஐயோ, அதத் தொலைப்பேனா? காலையில மழ பேஞ்சு பெஞ்செல்லாம் ஈரம். அது மேலதான் உக்காந்திருக்கேன். நல்லா லேமினேட் பண்ணியிருக்கீங்க, கொஞ்சம்கூட ஈரம் ஏறல.”

சொல்லிவிட்டு போனைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். நீளமான பெஞ்சு. அவளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

“இடம் கெடக்கு பாருங்க” என்றாள். “நீங்களும் இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீங்க வந்திருந்தா இந்நேரம் என்ன எழுப்பியிருப்பீங்க.”

சார் மறுக்கலாம் என்று பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

அன்றைக்குப் பரீட்சை முடிகிற மணி ஆறு நிமிஷம் தாமதமாக அடித்தது.