மில்லில் வந்த நிறம்

எட்டாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றிச் சொல்ல வீட்டில் இப்போது வேறு யாரும் மிச்சமில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு அக்கா வேலைக்குப் போன இரண்டாம் வருடம் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. கடலைக்காட்டில் களையெடுத்துக் கறுத்துக் கிடந்தவள் வெளுக்கத் தொடங்கினாள். மணிக்கட்டின் உட்புறம் பச்சை நரம்புகள் தெரிந்தன. சிவப்பாக இருப்பவர்களுக்குத்தான் நரம்பு தெரியும் என்பது எங்கள் தெருவின் முடிவு. வெயில் படாத வேலை, நிறம் வந்துவிட்டது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கையைத் திருப்பிக் காட்டுவாள். நானும் என் கையை வெளிச்சத்தில் பிடித்துத் தேடுவேன். ஒன்றும் தெரியாது.

அந்த நாட்களில் அக்கா பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்றாள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் செத்த நேரம் சுவரில் சாய்ந்து நிற்பாள்.

"அரிசியத் தின்னு தின்னே கல்யாணத்தன்னிக்கு மழையக் கொண்டாந்துருவா போல" என்று அத்தை கேலி செய்தாள்.

"பெய்யட்டும் அத்தே, ஒங்க கெணறாச்சும் ரொம்பும்" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்சத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அக்காவின் கையைத் தன் மடியில் வைத்து நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டு நெறமா! நரம்ப எண்ணிறலாம் போலருக்கே. ஆமா, கை ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்கு?"

"இப்பத்தான் கை கழுவிட்டு வந்தா" என்றாள் அம்மா. அக்கா கை கழுவியதை நான் பார்க்கவில்லை.

அப்போதே பூ வைத்துவிட்டார்கள். அவர்கள் போனதும் நான் அக்காவிடம், பெரியவளானதும் என்னையும் மில்லில் சேர்த்துவிடச் சொன்னேன். எனக்கும் அந்த நிறம் வேண்டும்.

"வேணாம் தாயி. நீ கறுப்பாவே இரு."

பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடம்பில் ரத்தம் வற்றினாலும் தோல் அப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரியாது. தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது என்பதும் தெரியாது.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல மில் பஸ்ஸில் போனாள். மதியம் மெஷின் ஓரத்தில் விழுந்தாள். சாயங்காலம் உடம்பை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.