எதிர்ப்பக்கம் எழுதும் வாத்தியார்

இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார் ஆர்விட் டோலஃப்சன். ஓட்டுவது நான். அவர் பக்கத்து இருக்கையில். நூறு அடி தள்ளி நடைபாதையில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. சாலையில் இறங்கும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர் கால் விறைத்துக்கொண்டு என் காரின் தரையை அழுத்துகிறது. முப்பத்தெட்டு வருடம் ஓட்டுநர் பள்ளி நடத்தியவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், கால் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"அது நாய்தான், அங்கேயே உட்காந்திருக்கு" என்றேன்.

"அது நாய்னு நமக்குத் தெரியுது. இது காருன்னு அதுக்குத் தெரியுமா, பக்கத்து வீட்டுக்காரரே?"

நான் ஹாலம் பே என்கிற இந்த ஊருக்குக் குடிவந்து இருபது வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவரையும் இந்தத் துறைமுக ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோருக்கும் வாத்தியார்தான். ஐம்பது வயதுக்குக் கீழே கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். இரண்டு காருக்கு நடுவே ஒழுங்காக வண்டியைச் சொருகி நிறுத்தினால் ஓர் உலர்ந்த திராட்சை தருவார். ஒன்றுதான். என் மகள் மூன்று மாதத்தில் நான்கு திராட்சை சம்பாதித்தாள். இன்றைக்கும் அவள் பின்கண்ணாடியைப் பார்க்காமல் தும்முவதுகூட இல்லை.

எழுபத்தாறு வயது. நெட்டை. புல் வெட்டும்போதும் டை கட்டியிருப்பார். மளிகைக் கடையில் தள்ளுவண்டியோடு போனால் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நின்று, இடம் பார்த்து, வலம் பார்த்து, பிறகுதான் திரும்புவார். பின்னால் நாலு வண்டி தேங்கி நிற்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாலு பேரில் மூன்று பேர் அவருடைய மாணவர்களாக இருப்பார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. ஊருக்கு அவர் தரும் பெரிய தொல்லை வேறு. எங்கள் மாவட்டத்தில் புது வரி என்றால் மக்கள் வாக்களித்துத்தான் வர வேண்டும். தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்புவார்கள். ஒரு பக்கத்தில் 'வேண்டும்' என்பவர்கள் இருநூறு சொல் எழுதலாம், எதிர்ப்பக்கத்தில் 'வேண்டாம்' என்பவர்கள் இருநூறு சொல். எழுத ஆள் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் காலியாகவே அச்சாகும். அந்தக் காலிப் பக்கம்தான் வாத்தியாருக்கு ஆகவே ஆகாது.

"எதிர்ல வண்டி வரலன்னாலும் சந்திப்புல நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போகணும். காலிப் பக்கத்தக் குடுத்தா ஜனங்க பாக்காமலே போயிடுவாங்க" என்பார்.

ஆகவே யாரும் முன்வராதபோதெல்லாம் இவரே எழுதினார். நூலகக் கட்டடத்துக்கு எதிராக இருநூறு சொல். அது நிறைவேறியதும் முதல் ஆளாகப் போய் உறுப்பினர் ஆனார். நீச்சல் குளத்துக்கு எதிராக இருநூறு. தீயணைப்பு வண்டிக்கு எதிராக நூற்றுத் தொண்ணூறு, அதற்கு மேல் எழுத அவருக்கே மனம் வரவில்லையாம். கொசு ஒழிப்புக்கு எதிராகவும் எழுதியிருக்கிறார். எழுதிய எதிலும் ஒரு பொய்க் கணக்கு கிடையாது. அதுதான் அவருடைய பெருமை. தோற்ற கணக்கைப் பற்றி அவர் பேசமாட்டார்.

இந்த வருடம் வந்தது ரயில். துறைமுகத்திலிருந்து கல்லூரி மேடு வரை ஊருக்குள்ளேயே ஓடும் மின்ரயில், ஏழு நிறுத்தங்கள், கேனரி தெரு நடுவே தண்டவாளம். இந்த முறை வாத்தியாருக்கு எழுதுவது கடமையாக மட்டும் இல்லை, ஆசையாகவும் இருந்தது. தண்டவாளம் வந்தால் கேனரி தெருவில் கார் நிறுத்த இடம் போய்விடும். எத்தனை இடம் என்று நகராட்சியைக் கேட்டார். "ஏறக்குறைய நூற்றைம்பது" என்றார்கள். ஏறக்குறைய என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்து எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று.

என் வீட்டுப் புல்தரையில் 'ரயில் வேண்டும்' என்று பலகை நட்டிருந்தேன். மறுநாளே இரண்டடி தள்ளி அவர் புல்தரையில் 'வேண்டாம்' முளைத்தது. காற்றில் என் பலகை சாய்ந்தால் அவரே வந்து நிமிர்த்திவிட்டுப் போவார். "சாஞ்சிருந்தா யாரு படிப்பாங்க? படிச்சாத்தானே எதுக்க முடியும்?"

அவருக்கு எதிராக 'வேண்டும்' பக்கம் எழுதியவர் வெர்னா கிட்ரெட்ஜ். எழுபத்தொரு வயது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பழைய மேற்பார்வையாளர். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் போகிறவர். அதற்குக் காரணமும் வாத்தியார்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவரிடம் மூன்று தடவை பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். மூன்று தடவையும் தபால் பெட்டியை இடித்திருக்கிறார். ஒரே தபால் பெட்டி. உரிமத் தேர்வுக்கு அனுப்பமாட்டேன் என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார்.

"இவரு என்ன பாஸாக்கியிருந்தா நான் ஏன் ரயிலு கேக்கப்போறேன்?" என்று ஒவ்வொரு மேடையிலும் ஆரம்பிப்பார் வெர்னா.

"அந்தத் தபால் பெட்டி இன்னிக்கும் நிக்குதுன்னா அதுக்குக் காரணம் நான்தான்" என்று ஆரம்பிப்பார் வாத்தியார்.

வாத்தியார் தன் இருநூறு சொல்லை ஆகஸ்ட் முதல் தேதி கொடுத்தார். கடைசி வரி இப்படி: 'இந்த ஊரில் நான் போக வேண்டிய எந்த இடத்துக்கும் என் காரில் பதினான்கு நிமிடத்தில் போகிறேன்.' ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து எழுதிய வரி. கையெழுத்துக்குக் கீழே 'முப்பத்தெட்டு வருட ஓட்டுநர் ஆசிரியர்' என்று போட்டிருந்தார்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி கண் மருத்துவர் இனிமேல் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். பார்வைக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டதாம், அது போகாதாம். "ஒங்க காது நல்லாத் தெரியுது. மூக்கத்தான் காணோம்" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கே போய் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. வாயால் பொய் சொல்லமாட்டார், அந்த வேலையைக் காரிடம் விட்டுவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் கதவைத் தட்டுவார். "பக்கத்து வீட்டுக்காரரே, வண்டிய ஒரு சுத்து சுத்தி, மூக்க அந்தப் பக்கமா வெச்சு நிறுத்துங்களேன்." நானும் செய்வேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தால் வாத்தியார் எங்கேயோ போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். ரயிலுக்கு வாக்குக் கேட்கிற நான், ரயில் எதிர்ப்பாளரின் காரை அவர் சார்பில் அலையவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து திரைச்சீலை வழியாகப் பார்ப்பார். நான் சைகை விளக்குப் போட மறந்தால் ஜன்னல் தட்டப்படும்.

கடைக்கும் மருத்துவரிடமும் நான் கூட்டிப்போவேன். விவாதக் கூட்டங்களுக்கு மட்டும் என் காரில் வரமாட்டார். "'வேண்டும்'னு பலகை நட்டவரு கார்ல வந்து எறங்கி 'வேண்டாம்'னு பேசறதா? நல்லாருக்கே." ஆறாம் எண் பஸ்ஸில் போவார். கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மீதியை நடப்பார். ஆனால் ஆறாம் எண் பஸ் வெர்னாவின் பஸ். முதல் நாளே மாட்டிக்கொண்டார். அவரை மேலும் கீழும் பார்த்தாராம் வெர்னா.

"கண்ணா?"

"ஆமா."

"சரி, தள்ளி உக்காருங்க, வாத்தியாரே."

அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்துக்குள் இரண்டு பேரும் நூற்று நாற்பத்து மூன்றைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்களாம். நூலகம், மீனவர் சங்கம், கல்லூரி என்று மூன்று கூட்டங்கள் இப்படியே ஒரே இருக்கையில் போய், மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே இருக்கையில் திரும்பினார்கள். வெர்னா ஒரு வார்த்தை மேடையில் சொல்லியிருந்தால் போதும். எங்கள் கட்சிக்காரன் என்ற முறையில் நான் கேட்டும் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை?

"தீர்மானத்துல அவரு கண்ணப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்டோபரில் கையேடு வந்தது. சிறிய எழுத்து அவருக்குத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, தான் எழுதியதைத் தானே ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. அத இன்னொரு தடவ."

'என் காரில் பதினான்கு நிமிடத்தில் போகிறேன்' என்று இன்னொரு தடவை வாசித்தேன்.

உடனே தேர்தல் அலுவலகத்துக்கு போன் போட்டார். எடுத்த பெண்ணும் அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்தான். "வாத்தியாரே, அறுபதாயிரம் பிரதி போயாச்சு. இனிமே ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாது" என்றார்.

"எழுதினப்ப உண்மைதானே. யாரு வந்து கேக்கப்போறா?" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"பச்சையிலதான் கெளம்பினேன்னு சொல்லிட்டு நடுச் சந்திப்புல நிக்கிறவன நான் தேர்வுக்கு அனுப்பினதே இல்ல."

"அப்ப சொல்லிடுங்க."

கையேட்டை என்னிடமிருந்து வாங்கி மூடி வைத்தார். "வாத்தியாருக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா, எங்கிட்டப் படிச்சவன் ஒவ்வொருத்தனும் நாம ஒழுங்காத்தான் படிச்சோமான்னு யோசிப்பான். முப்பத்தெட்டு வருஷம்" என்றார்.

அடுத்த மூன்று நாள் அவர் கழுத்தில் டை இல்லை. இருபது வருடத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அறுபதாயிரம் வீடுகளில், சாப்பாட்டு மேசை மேலும் குளிர்பெட்டி மேலும், அவர் கையெழுத்தோடு ஒரு பொய் கிடக்கிறது.

கடைசிக் கூட்டம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். காபியும் எலுமிச்சை வில்லைகளும் வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. கருத்துக்கணிப்பில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். வாத்தியார் டை கட்டியிருந்தார். வெர்னா தபால் பெட்டியில் ஆரம்பித்தார், வாத்தியார் அதற்குப் பதில் சொல்லி ஆரம்பித்தார், கூட்டம் பழகிய பாட்டுக்குச் சிரிக்கிற மாதிரி சிரித்தது. பிறகு நூற்று நாற்பத்து மூன்றைத் தெரு முனைவாரியாகப் பிரித்துச் சொன்னார். நன்றாகவே பேசினார். என் பக்கம் தோற்றுவிடுமோ என்று எனக்கே கவலை வந்தது.

கேள்வி நேரம். முதலில் எழுந்தவர் கேனரி தெருவில் படகுப் பெயின்ட் கடை வைத்திருக்கும் ராய் ஓக்டன். வாத்தியாரின் பழைய மாணவர், 'வேண்டாம்' பக்கத்தின் தூண். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் எழுந்தார். கையில் கையேட்டைச் சுருட்டி வைத்திருந்தார்.

"வாத்தியாரே, இன்னிக்கு இந்தத் தேவாலயத்தச் சுத்தி ஒரு கார் நிறுத்த எடம் இல்ல. நான் மூணு சுத்து சுத்தினேன். இங்கயே இப்படின்னா, கேனரி தெருவுல இருக்கறதையும் எடுத்துட்டா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு ஒங்க கார எங்க நிறுத்துனீங்க? எங்களுக்கும் அந்த எடத்தக் காட்டுங்க."

கூட்டம் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த ஒலிவாங்கியைப் பிடித்து, "இது தீர்மானத்தப் பத்தின கேள்வி இல்லையே, அடுத்த ஆளு கேக்கட்டும்" என்றார்.

"இல்ல வெர்னா, இது என்னோட கேள்வி" என்றார் வாத்தியார்.

ராய் இன்னும் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார். பேசும் நேரம் முடிந்தால் சிவப்பாகும் மேசை விளக்கு இன்னும் பச்சையிலேயே இருந்தது. வாத்தியார் டை முடிச்சைத் தளர்த்தி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டார். ஒரு கயிறு வந்தது. கயிற்றோடு ஆரஞ்சு நிறத்தில் ஓர் அட்டை வந்தது, முதியோருக்கு மாவட்டம் கொடுக்கும் பஸ் அட்டை. வியர்வையில் சட்டையோடு ஒட்டியிருந்ததைப் பிய்த்து வெளியே எடுத்து, டையின் மேல் தொங்கவிட்டார். அது புறங்காட்டிக் கிடந்தது. விரலால் தடவிப் பார்த்து, புகைப்படம் இருக்கும் பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.