வண்டி ஆறுகிற நேரம்

தெருமுனை திரும்பியதுமே பரஞ்சோதி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். மிச்ச தூரத்தை அந்தக் குட்டிக் கார் தன் வேகத்திலேயே உருண்டு கடக்கும். திறந்து கிடக்கும் கேட்டுக்குள் சத்தமில்லாமல் நுழையும். அது நிற்பதற்கு முன்பே கதவு திறந்து அவருடைய வலது கால் வெளியே தொங்கும். என்றைக்காவது ஒருநாள் தன் வண்டிச் சக்கரத்துக்கே காலைக் கொடுக்கப் போகிறார் என்று அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் பயம். நானும் சொல்லிப் பார்த்தேன். "பிரேக்கு நல்லா பிடிக்குதுண்ணே" என்றார். நான் கேட்டது பிரேக்கையா?

வயது ஐம்பத்தாறு. சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. குடியிருப்பது திகாம் பத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஒடிசலான ஆள். சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், எழுதாத பேனா ஒன்று. எண்ணெய் படிந்த கையைச் சோப்போடு சீனி சேர்த்துத் தேய்த்துக் கழுவுவார். அதனால் யஹ்யா பாய் தம் கடை மேசையில் சீனி டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் தள்ளியே வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரொட்டி சானாய்க் கடைதான் பரஞ்சோதியுடைய தர்பார். பழைய சின்னக் கார்களை வைத்துக்கொண்டு ஜெராய் மலை ஏற ஆசைப்படுகிற கூட்டம் ஒன்று இந்தப் பக்கத்தில் உண்டு. கல்யாணம் பண்ணலாமா வேண்டாமா என்று ஜோசியரிடம் போவதுபோல, எஞ்சினைப் பெரிய போர் ஆக்குவதா, டர்போ போடுவதா என்று இவரிடம் வந்து நிற்பார்கள்.

எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். போர் என்றால் எஞ்சினுக்குள் இருக்கும் துளையைக் குடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. மிதித்த கணமே இழுக்கும். ஆனால் குடையக் குடையச் சுவர் மெலிந்துபோய்ச் சீக்கிரம் சூடேறும். டர்போ என்றால் வெளியே போகிற புகையைக்கொண்டே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பாயும். பாய்ந்தால் மலை மலையாகத் தெரியாது. ஆனால் ஏறி இறங்கி வந்ததும் பட்டென்று அணைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடி ஆற வேண்டும். ஆறாமல் அணைத்தால் எண்ணெய் கருகி டர்போவுக்குப் பால்தான்.

இவ்வளவையும் பரஞ்சோதி யாருக்கும் விளக்க மாட்டார். அவர் கேட்பது ஒரே கேள்வி. மலைக்கு அந்தப் பக்கத்து யான் ஊரிலிருந்து வந்த லாரிக்காரர் சத்தியசீலனிடமும் அதையேதான் கேட்டார்.

"அண்ணே, மல ஏறணும். போரா, டர்போவா?"

"வீட்டுல யாரு இருக்கா?"

"நான் எஞ்சினப் பத்தி கேக்குறேன்லா."

"நானும் அதத்தான் கேக்குறேன். யாரு இருக்கா?"

"அம்மா மட்டும்தாண்ணே. சக்கர வியாதி, கண்ணு வேற சரியா தெரியாது."

"அப்ப போரு" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கறியில் தோய்த்தார். சத்தியசீலன் என்னைப் பார்த்தார். நான் யஹ்யா பாயைப் பார்த்தேன். பாய் சீனி டப்பாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. சாப்பிடும்போது கைப்பேசியில் பனிமலை ஏறும் ஸ்கூட்டர்களின் வீடியோ பார்ப்பார். சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை வைத்த வண்டி. கிண்ணத்தில் துருவிப் போடும் ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனியைக் கண்ணால் கண்டிராத மனிதர்! "அங்கேயும் இதே சண்டதாண்ணே" என்று ஒருநாள் காட்டினார். "மேல போகப் போக காத்து மெலிஞ்சிரும். பெரிய போரு வண்டி மூச்சு வாங்கும். டர்போ காத்த அமுக்கிக் குடுத்து ஏத்திரும். நம்ம ஜெராய்ல அவ்ளோ ஒசரம் ஏது?" கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவனுங்க பனியில நிறுத்தினா வண்டி சீக்கிரம் ஆறிரும், இல்ல?" என்றார். நான் எங்கே கண்டேன்.

இவரும் ஒரு காலத்தில் டர்போக்காரர்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின், மிதித்தால் விசில், காலை எடுத்தால் ஒரு பெருமூச்சு. ஞாயிறு மாலைகளில் மனைவி மருதம்மாளை முன்னால் உட்காரவைத்து ஜெராய் ஏறுவார். அம்மாளுக்கு மலை பெரிதில்லை. வளைவில் காலை எடுத்தால் வருகிற அந்தப் பெருமூச்சுக்குத்தான் சிரிப்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் மருதம்மாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. அடுத்த மாதமே பரஞ்சோதி டர்போ எஞ்சினைக் கழற்றிப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, போர் போட்ட எஞ்சினை மாட்டினார். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை.

அந்தப் போர் எஞ்சின்தான் போன மாதம் மானத்தை வாங்கியது. மருதம்மாள் ஜன்னல் வழியே ஜெராயைக் காட்டிக் காட்டிக் கேட்டதால், அவரைத் தூக்கி உட்காரவைத்து மலை ஏறியிருக்கிறார். பாதி வழியில் ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. மருதம்மாள் வியர்த்து நனைந்து, கோணிய வாயால் ஒரு வார்த்தை சொன்னாராம். "டர்போ."

ஆக, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். மறுபடியும் போரா, தார்ப்பாய்க்குள் கிடக்கிற டர்போவா? ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னவரின் வழக்கு இப்போது அவர் வாசலுக்கே வந்துவிட்டது.

நான் போன அன்று எஞ்சின், கார் நிறுத்தும் போர்ச்சில் பிரிந்து கிடந்தது. உள்ளே மருதம்மாளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார் பிச்சையம்மாள். பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர். "ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று என்னிடம் குறைப்பட்டார். "அஞ்சு மணிக்கு நான் என் வீட்டுக்குப் போயிருவேன். இவரு வர்ற வரைக்கும் அக்கா தனியா கெடக்குது. சத்தமே இல்லாம வந்து திடுதிப்புனு கதவுல நின்னா பதறி அழுவுது. வண்டிச் சத்தம் கேட்டாத்தானே வர்றது யாருன்னு தெரியும்?"

மருதம்மாள் இடது கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "அன்னிக்கு… விழுந்தப்ப… டர்போ… கேட்டுச்சி. வந்துட்டாருன்னு… பயம்… போயிருச்சி."

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஜோதி, டர்போவையே போடேன். டைமர்னு ஒண்ணு இருக்காமே, சாவிய எடுத்தாலும் எஞ்சின் தானா ஓடி ஆறிட்டு நிக்குமாமே. நீ பாட்டுக்கு உள்ள போயிரலாம்" என்றேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லிவிட்ட தோரணை எனக்கு.

"இருக்குண்ணே. அலோர் ஸ்டார்ல வாங்கினது. பெட்டி பிரிக்காம அலமாரி மேல இருக்கு. அவ விழுறதுக்கு முந்தியே வாங்கிட்டேன்."

"பின்ன ஏன் மாட்டல?"

பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஒக்காரத்தான்" என்றார். "ஃபேக்டரியில நாள் பூரா மிஷின் கத்தும். வீட்டுக்குள்ள போனா கேஸ் முடிஞ்சிருச்சி, பைப்பு ஒழுவுதுன்னு அவ சொல்லுவா. ரெண்டுக்கும் நடுவுல அந்த நேரம் மட்டும் எனக்கு. வண்டி ஆறணும்னு சொன்னா யாரு என்ன கேக்க முடியும்? ஆறிப்போன பெறவும் ஒக்காந்திருப்பேண்ணே."

"அன்னிக்கும் ஒக்காந்திருந்தியா?"

"ரேடியோவுல நல்ல பாட்டு. உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சி. பூனைன்னு நெனச்சேன். பாட்டு முடியட்டும்னு கண்ண மூடிக்கிட்டேன்."

கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டாயா என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் இருக்கிறதே!

"கேக்கல. கேட்டா சொல்லிருவாரு."

பிறகு உள்ளறைப் பக்கம் தலையை ஆட்டினார். "அந்தச் சத்தம் கேட்டதும் பயம் போச்சுன்னு ஒங்ககிட்டயும் சொன்னாளா? எல்லார்கிட்டயும் சொல்லுறா. கீழ கெடந்துக்கிட்டு, நான் வந்துட்டேன்னு நம்பிக்கிட்டு கெடந்திருக்காண்ணே. நான் இங்க ஒக்காந்து பாட்டு கேட்டுட்டு இருந்திருக்கேன்."

அந்த மனிதரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் துணியை உதறிவிட்டு மறுபடியும் பிஸ்டனைத் துடைக்க ஆரம்பித்தார். பெரிய பிஸ்டன். புதிது. "போருதாண்ணே" என்றார். "சுவரு கொஞ்சம் கனமா வச்சு தரச் சொல்லியிருக்கேன். மல ஏறாது. பரவால்ல."

மலை ஏறாது என்பதை மருதம்மாளிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை முறுக்குப் பொட்டலத்தோடு போனேன். பிச்சையம்மாள் கிளம்பிப் போயிருந்தார். மருதம்மாள் கூடத்துக் கட்டிலில் கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தார். யானுக்கும் நமக்கும் நடுவே ஜெராயின் தலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மலை ஜன்னலில் பாதிதான் தெரிந்தது. நான் பேச்சுக் கொடுத்தேன். அவர் காதை என்னிடம் தரவில்லை.

தெருமுனையில் விசில் கேட்டது. மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், ஒரு பெருமூச்சாக உடைந்தது. மருதம்மாள் நல்ல கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார். அட, கடைசியில் மனிதர் டர்போவையே போட்டுவிட்டாரா என்று எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

கார் எஞ்சின் அணைந்து, சத்தமே இல்லாமல் கேட்டுக்குள் உருண்டு வந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்ட கண்ணாடி வழியே பரஞ்சோதி கழுத்தை வெளியே நீட்டியிருந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க, அந்த ஐம்பத்தாறு வயது மனிதர் வாயாலேயே டர்போ ஓட்டிக்கொண்டு வந்தார். கதவு திறந்து கால் வெளியே வந்தபோதும் நிறுத்தவில்லை. செருப்பை உதறியபோதும் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தும் கூச்சப்படாமல், கட்டிலை எட்டி அந்தக் கையைப் பிடிக்கும்வரை ஊதிக்கொண்டே வந்தார்.